பதின்பருவத்தினரின் சிறு நோய்களும் பெற்றோரின் நோயச்சமும்

மனித வாழ்நாளில் இறப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவாக இருப்பது 10 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் இறப்புக் கணக்குகள் காட்டுகின்றன. குழந்தைப் பருவத்தின் உயிர்கொல்லித் தொற்றுகளைக் கடந்துவிட்ட, நடுவயதின் மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் இன்னும் வெகுதொலைவில் இருக்கிற அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சலோ தலைவலியோ கழுத்தில் ஒரு சிறு வீக்கமோ வரும்போது, வீட்டில் எழும் பதற்றம் மட்டும் அந்தக் கணக்குக்கு ஏற்பக் குறைவதில்லை. பல வீடுகளில் பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளர்கிறது. இதனை அறியாமை என்றோ அளவு மீறிய பாசம் என்றோ ஒதுக்கிவிட முடியாது; நன்கு படித்த பெற்றோரிடமும், மருத்துவத் துறையிலேயே பணியாற்றும் பெற்றோரிடமும் இப்பதற்றம் குறையாமல் காணப்படுகிறது.

அதற்கான காரணத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே அந்த ஆண்டுகளில் நிகழும் ஒரு கைமாற்றத்தில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கைக்குழந்தையின் உடலைத் தாய் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் தொட்டுப் பார்த்தே அறிந்துகொள்கிறாள். எந்த மச்சம் புதியது, எந்த அழுகை பசிக்கானது என்பது அவளுக்குத் தெரியும். 12, 13 வயதில் குளியலறைக் கதவு தாழிடப்படுகிறது, வலி எங்கே எப்படி இருக்கிறது என்ற செய்தி முழுவதும் பிள்ளையின் வசம் போய்விடுகிறது, ஆனால் அந்த உடலுக்கு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பெற்றோரிடமே தங்கிவிடுகிறது. செய்தி ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருப்பதால் உண்டாகும் இடைவெளியில்தான் அச்சம் குடிபுகுகிறது. எனவே அதனைத் தணிக்கும் வழியும் அந்தக் கைமாற்றத்தை ஒழுங்காக நடத்தி முடிப்பதில்தான் இருக்கிறது.

முதலில் சில வரையறைகள் தேவை. தனக்குக் கொடிய நோய் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்ற எண்ணம், பரிசோதனைகள் இல்லை என்று சொன்ன பிறகும் நீங்காமல் அன்றாட வாழ்வைக் குலைக்கும் நிலையை மனநல மருத்துவம் நோயச்சம் என்று கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் வகைப்பாட்டுக் கையேடு, ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்ற பழைய பெயரைக் கைவிட்டு, உடற்குறிகள் மிகுந்தோர், குறிகள் ஏதுமின்றி அச்சம் மட்டும் மிகுந்தோர் என இரு பிரிவுகளாக அதனைப் பகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு பழைய பெயரைத் தக்கவைத்து, எண்ணச் சுழற்சி நோய்களின் குடும்பத்தில் அதனைச் சேர்த்துள்ளது. இந்த அச்சம் தன் உடலைப் பற்றியதாக இல்லாமல் பிள்ளையின் உடலைப் பற்றியதாக அமையும்போது அதற்குத் தனிப்பெயர் எதுவும் இவ்விரு வகைப்பாடுகளிலும் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள்தாம் அதனைத் தனியாக எடுத்து ஆராய்ந்து, அளப்பதற்கு ஒரு வினாப்பட்டியலையும் உருவாக்கியுள்ளனர். பிள்ளைவழி நோயச்சம் என்று தமிழில் அதனைக் குறிக்கலாம்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றுண்டு. 1977-இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ராய் மெடோ விவரித்த நிலையில், பெற்றோர் வேண்டுமென்றே பிள்ளைக்கு நோய்க்குறிகளை உண்டாக்குகின்றனர் அல்லது இட்டுக்கட்டிச் சொல்கின்றனர். அது குழந்தைகள் மீதான வன்முறையின் ஒரு வடிவம். நோயச்சம் கொண்ட பெற்றோரிடம் வஞ்சகம் இல்லை. மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்பதே அவர்களின் ஏக்கம், சொன்ன பிறகு அதனை நம்ப முடியாததே அவர்களின் துன்பம்.

அச்சத்தின் வேர்களைத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது நினைவு. இன்றைய பதின்பருவத்தினரின் பாட்டிமார் பிறந்த காலத்தில், பிள்ளைகளில் ஒன்றிரண்டைப் பறிகொடுக்காத தமிழ்க் குடும்பங்கள் அரிது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 13 மட்டுமே. நிலைமை மாறிவிட்டது, ஆனால் பாட்டியிடமிருந்து தாய்க்கு வந்த பழக்கங்கள் மாறவில்லை. காய்ச்சல் கூடினால் வலிப்பு வந்துவிடும் என்று 15 வயது மகனின் நெற்றியில் இரவு முழுவதும் ஈரத்துணி மாற்றும் தாய்க்கு, காய்ச்சல் வலிப்பு என்பது 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தைக்காகக் கற்ற அச்சங்கள் பிள்ளை அந்த வயதைக் கடந்த பிறகும் வீட்டில் அப்படியே தங்கிவிடுகின்றன.

காய்ச்சல் பற்றிய அச்சம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1980-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பார்ட்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர் 81 பெற்றோரிடம் விசாரித்தபோது, 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு உட்பட்ட காய்ச்சலே மூளைக்கும் நரம்புக்கும் கடுந்தீங்கு செய்யும் என்று அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்பியதைக் கண்டு, காய்ச்சல் பீதி என்று அதற்குப் பெயரிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து பால்டிமோரில் அதே வினாக்களை எழுப்பிய மற்றோர் ஆய்வு, அந்த நம்பிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றே முடிவு செய்தது. தொற்றினால் வரும் காய்ச்சலை மூளையின் அடிப்பகுதியில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையமே ஏற்றி நிறுத்துவதால் அது கட்டுக்கடங்காமல் ஏறுவது மிக அரிது. பாரசிட்டமால் கொடுப்பது பிள்ளையின் உடல்வலியைத் தணிப்பதற்காகவே. வெப்பமானியின் எண்ணை இறக்குவதற்காக அன்று.

இரண்டாவது வேர் அந்தந்தக் குடும்பத்தின் தனி வரலாற்றில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்ட பிள்ளை, கைக்குழந்தையாக இருந்தபோது நிமோனியாவில் பிழைத்த பிள்ளை, மூத்தது இறந்த பின் பிறந்த பிள்ளை ஆகியோரின் பெற்றோர், அப்பிள்ளை முழு நலம் பெற்ற பின்னும் அது எந்நேரமும் கைநழுவிப் போகக்கூடியது என்றே நடத்துவதை மோரிஸ் கிரீனும் ஆல்பர்ட் சால்னிட்டும் 1964-இல் 25 குழந்தைகளைக் கொண்டு விவரித்தனர். அந்த அச்சம் பிள்ளையின் வயதோடு முடிவதில்லை என்பதே அவர்களின் கண்டுபிடிப்பில் முக்கியமானது. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றாகிவிட்ட தமிழ்நாட்டில், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று கணித்துள்ள நிலையில், எல்லாப் பிள்ளைகளுமே ஓரளவு அப்படிப்பட்ட பிள்ளைகளாகிவிட்டனர் எனலாம்.

மூன்றாவது வேர் மனத்தில் இல்லை. குடும்ப அமைப்பில் இருக்கிறது. ஆய்வுகள் பெரும்பாலும் தாயின் அச்சத்தைத் தாயின் மனக்கூறாகவே அளக்கின்றன, அவள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. பிள்ளைக்கு நோய் முற்றினால் ‘நீ என்னத்தப் பாத்துக்கிட்ட?’ என்ற கேள்வி மாமியாரிடமிருந்தோ கணவரிடமிருந்தோ அவளுக்குத்தான் வருகிறது. மருத்துவரிடம் போகாமல் இரண்டு நாள் பொறுத்திருந்தது சரிதான் என்று பிள்ளை குணமான பிறகு யாரும் அவளைப் பாராட்டுவதில்லை. இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு இருமலுக்கும் மருத்துவமனைக்கு ஓடுவது அவளைப் பொறுத்தவரை அறிவார்ந்த முடிவே. ‘ஒண்ணுமில்ல, சும்மா பயப்படாதே’ என்று செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் சொல்லும் கணவர் அவள் பதற்றத்தைக் குறைப்பதில்லை. இருவருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே கவனிக்க வேண்டும் என்பதை உறுதிப்படுத்துகிறார்.

நான்காவதாக, மருத்துவத் துறையே விதைத்த அச்சங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பெற்றோருக்கு ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்ற சொல் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. காசநோய்க் கிருமி முதன்முறையாக நுரையீரலில் புகுந்ததன் அடையாளத்தைக் குறிக்கும் அச்சொல், மெலிந்த, அடிக்கடி சளி பிடிக்கும், கழுத்தில் நெறி கட்டிய எந்தப் பிள்ளைக்கும் ஒட்டப்பட்டு, மாதக்கணக்கில் மருந்து தரப்பட்டது. கிருமி புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனை கிருமி புகுந்ததையே காட்டும், நோயைக் காட்டாது என்பதும் விளக்கப்படவில்லை. முழங்கால் வலியோடு வந்த பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. என்ற இரத்தப் பரிசோதனை எண் கூடியிருந்தால், அது முன்பு வந்துபோன தொண்டைத் தொற்றின் சுவடாக மட்டும் இருக்கக்கூடும் என்பதைப் பாராமல், வாதக் காய்ச்சல் என்று சொல்லி 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டதும் உண்டு. வாதக் காய்ச்சல் இதயத் தடுக்கிதழ்களைக் கெடுக்கும் உண்மையான நோய், அந்த ஊசி தேவைப்படுவோருக்கு உயிர்காப்பு என்பதில் ஐயமில்லை. தேவைப்படாத பிள்ளையின் பெற்றோர் அதன் பின் ஒவ்வொரு தொண்டைவலியையும் இதயநோயாகவே பார்க்கப் பழகினர் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

இன்று அந்த இடத்தை ஆய்வகங்களின் ‘முழு உடல் பரிசோதனை’த் தொகுப்புகள் பிடித்துள்ளன. ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவு எந்த எல்லைக்குள் அடங்குகிறதோ அதுவே இயல்பளவு என்று அச்சிடப்படுகிறது. ஆகவே ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஓர் எண் தடித்த எழுத்தில் வர 64 விழுக்காடு வாய்ப்புண்டு. பதின்பருவத்தினரிடம் இது இன்னும் கூடுதலாக நிகழும். எலும்பு வேகமாக வளரும் வயதில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இரத்தத்தில் பெரியவர்களைவிடப் பன்மடங்கு இருப்பது இயல்பு. பெரியவர்களுக்கான இயல்பளவையே அச்சிடும் ஆய்வகத் தாளில் அது கல்லீரல் கோளாறாகத் தோற்றம் தருகிறது. டைபாய்டுக்கான விடால் பரிசோதனையும் அத்தகையதே. நோய் பரவலாக உள்ள பகுதியில் ஒருமுறை எடுத்த முடிவை மட்டும் கொண்டு டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. இந்தத் தாள்களைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கும் பெற்றோருக்கு என்ன நேர்கிறது என்பதை மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள் ரயன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும் 2009-இல் காட்டினர்: தலைவலி போன்ற பொதுக்குறியில் தொடங்கும் தேடல், மூளைக்கட்டி போன்ற அரிய நோய்களை நோக்கி, அவற்றின் உண்மையான வாய்ப்புக்குப் பொருத்தமில்லாத அளவில் இழுத்துச் செல்லப்படுகிறது. குடும்ப வாட்ஸாப் குழு இதற்குத் தன் பங்கைச் சேர்க்கிறது. அங்கு வரும் செய்திகள் எப்போதும் ‘எங்க தெருவுல ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது’ என்ற வகையைச் சேர்ந்தவை, குணமான பையன்களைப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை.

பதின்பருவத்து உடல் இந்த அச்சத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும் உடல் என்பதும் உண்மை. பருவமடையும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் வரை மார்புக் காம்பின் அடியில் வலியுள்ள கட்டி தோன்றி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே மறைகிறது. நெஞ்சுவலியோடு வரும் பிள்ளைகளில் இதயக் கோளாறு உள்ளவர்கள் நூற்றில் ஒரு சிலரே. மார்புச் சுவரின் எலும்பு, தசை சார்ந்த வலியே மிகுதியாகக் காணப்படுவது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கி விழும் மாணவிக்கு நேர்வது பெரும்பாலும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைவதுதான். தூங்கவைக்கும் மெலட்டோனின் சுரப்பு இந்த வயதில் இரவில் தாமதமாகத் தொடங்குவதால் பிள்ளை நள்ளிரவில் விழித்திருந்து காலையில் எழ மறுக்கிறது. தைராய்டு பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளில் கணிசமானோரின் சோர்வுக்கு இதுவும் காலை 5 மணித் தனிப்பயிற்சி வகுப்புமே போதுமான விளக்கம்.

மாதவிடாய் பற்றிய அச்சத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். பூப்படைந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கருமுட்டை வெளிப்படுவது ஒழுங்குக்கு வராததால் சுழற்சி 21 நாள் முதல் 45 நாள் வரை மாறி மாறி வருவது இயல்பு. ஆனால் இரண்டு மாதம் தள்ளிப்போனதும் வயிற்று ஸ்கேன் எடுக்கப்படுகிறது, அதில் சூலகத்தில் பல சிறு நீர்ப்பைகள் தெரிகின்றன, 14 வயதுப் பெண்ணுக்கு ‘பி.சி.ஓ.டி.’ என்ற சூலகக் கோளாறின் பெயர் சூட்டப்படுகிறது. அந்த வயதில் நலமான பல பெண்களின் சூலகமும் ஸ்கேனில் அவ்வாறே தோன்றும் என்பதால்தான், பூப்படைந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை அக்கோளாறைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018-இன் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறியது. அந்த ஸ்கேனின் விளைவு அந்தப் பெண்ணோடு நிற்பதுமில்லை. ‘நாளைக்குக் குழந்தை பிறக்குமா?’ என்ற கேள்வி அவள் பத்தாம் வகுப்பு எழுதும் முன்பே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அச்சம் தன்னைத் தானே எப்படி வளர்த்துக்கொள்கிறது என்பதை விளக்கியவர்கள் பிரிட்டனின் பால் சால்கோவ்ஸ்கிஸும் ஹிலரி வார்விக்கும் ஆவர். 1986-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, மருத்துவர் தரும் ஆறுதல் அச்சத்தைச் சிறிது நேரம் தணித்து, அதனாலேயே மீண்டும் ஆறுதலைத் தேடும் பழக்கத்தை வலுப்படுத்துகிறது என்று காட்டியது. பரிசோதனைக்கும் இது பொருந்தும்: கடுநோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களிடம் பரிசோதனை செய்வது அவர்களின் கவலையைக் குறைக்கிறதா என்று 3,828 பேரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீடித்த பயன் ஏறத்தாழ ஏதுமில்லை என்பதே 2013-இல் கிடைத்த விடை. ‘ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா நிம்மதியா இருக்கும்’ என்று பெற்றோர் சொல்வதும், ‘எடுத்துடலாம்’ என்று மருத்துவர் இசைவதும் இருவருக்கும் அப்போதைக்கு வசதியாக இருக்கின்றன. அந்த நிம்மதி அடுத்த தலைவலி வரைதான் நீடிக்கிறது.

பிள்ளையிடம் இதன் விளைவு என்ன என்பதற்கு லின் வாக்கரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையே மிகத் தெளிவான சான்று. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வயிற்றில் அசௌகரியத்தை உண்டாக்கினர். ஒரு பகுதிப் பெற்றோர் பிள்ளையின் வலியை விசாரித்து இரக்கம் காட்டவும், மற்றொரு பகுதியினர் பேச்சை வேறு பக்கம் திருப்பவும் பயிற்றப்பட்டனர். எந்தப் பயிற்சியும் பெறாத பெற்றோரின் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், விசாரிக்கப்பட்ட பிள்ளைகள் வலி பற்றிச் சொன்னது ஏறத்தாழ இருமடங்கானது. பேச்சு திருப்பப்பட்டவர்கள் சொன்னது பாதியாகக் குறைந்தது. இதில் மிகுந்த கவனத்துக்குரியது வேறொன்று: அடிக்கடி வயிற்றுவலி வரும் பிள்ளைகளின் பெற்றோர், பேச்சைத் திருப்புவதே தம் பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்று கருதினர். நல்லது செய்த செயல் அவர்களுக்குக் கொடுமையாகவும், வலியைப் பெருக்கிய செயல் அன்பாகவும் தோன்றியது.

டேனிஷ் ஆய்வாளர்களின் ஒரு முடிவு இதோடு பொருந்துகிறது. நோயச்சம் கொண்ட தாய்மார், மற்றத் தாய்மாரைவிட மிகுதியாகத் தம் பிள்ளைகளை நோயாளிகளாகக் கண்டனர், பொது மருத்துவரிடமும் அடிக்கடி அழைத்துச் சென்றனர். அப்பிள்ளைகள் தாமே சொன்ன கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. செய்தி ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருக்கிறது என்று மேலே கூறப்பட்டதன் பொருள் இதுவே. தமிழ்நாட்டுச் சூழலில் இதற்கு ஒரு கிளைவிளைவும் உண்டு. பொதுத்தேர்வு ஆண்டில் ஓய்வுக்கும் பரிவுக்கும் ஒரே நுழைவுச்சீட்டாக நோய் ஆகிவிடுகிறது. படிக்கப் பிடிக்கவில்லை என்றோ வகுப்பில் அவமானப்பட்டேன் என்றோ சொல்ல முடியாத பிள்ளைக்கு வயிற்றுவலி சொல்லக்கூடியதாக இருக்கிறது. வேறு சில பிள்ளைகள் எதிர்த்திசையில் போகின்றனர்: சொன்னால் அம்மா பதறுவாள், ஊசி, ஸ்கேன், உறவினர் தொலைபேசி என்று நாள் கெடும் என்று எண்ணி வலியை மறைக்கின்றனர்.

அந்த மறைப்பு உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தாகும் தருணங்கள் உண்டு. விரையின் தண்டு முறுக்கிக்கொண்டால் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை மருத்துவம் செய்தால்தான் அதனைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. கூச்சத்தால் அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்லி ஓரிரவு பொறுத்துக்கொள்ளும் பையன் அதனை இழக்கிறான். ஆகவே அச்சத்தை அடக்குவதே தீர்வு என்று முடிவு செய்வது பிழை. குழந்தைகளின் கடுந்தொற்றைக் கண்டறிய உதவும் குறிகளைத் தொகுத்து லான்செட் இதழ் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இந்த முறை வழக்கம்போல் இல்லை’ என்ற பெற்றோரின் கவலையும் வலுவான எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இங்கிலாந்தில் 13 வயது மார்த்தா மில்ஸ் 2021-இல் இரத்தத் தொற்றால் இறந்ததும், பெற்றோரின் எச்சரிக்கை செவிமடுக்கப்படாததும் வெளியான பின், உள்நோயாளியின் குடும்பத்தார் மற்றொரு மருத்துவக் குழுவின் கருத்தை உடனே கோரும் உரிமை ‘மார்த்தா விதி’ என்ற பெயரில் 2024 முதல் அந்நாட்டு மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பெற்றோரின் கவலையில் செய்தியும் இரைச்சலும் கலந்தே இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் ஒரே உரத்தில் ஒலிக்கும் கவலை, உண்மையான நாளில் தனித்துக் கேட்பதில்லை என்பதே நோயச்சத்தின் மிகப் பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் இதனை ஆண்டுதோறும் சோதித்துக் காட்டுவது டெங்கு. இங்கு மழைக்காலக் காய்ச்சலைச் சிறு நோய் என்று ஒதுக்க முடியாது என்பது சரியே. ஆனால் அச்சம் தவறான இடத்தில் செலவாகிறது. காய்ச்சல் ஏறும் முதல் இரண்டு நாளில் பதறி மருத்துவமனைகளை மாற்றும் குடும்பம், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கியதும் அப்பாடா என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், நிலைகொள்ளாமை அல்லது அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய நேரத்தில், பெற்றோரின் கண் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை மீதே இருக்கிறது.

இன்னும் பெரிய இடமாற்றம் ஒன்றுண்டு. மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பதின்பருவப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டுகிறது. அவர்களின் சோர்வு மட்டும் ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் சகஜம்’ என்று அச்சமே இல்லாமல் விடப்படுகிறது. உலக அளவில் பதின்பருவத்தின் பிற்பகுதியில் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களில் சாலை விபத்தும் தற்கொலையும் அடங்கும். மகனின் கழுத்து நெறியைப் புற்றுநோயோ என்று தடவிப் பார்க்கும் கையே, உரிமம் பெறும் வயது வராத அவனிடம் இருசக்கர வாகனத்தின் சாவியையும் கொடுக்கிறது என்பதை எந்த மனநூலும் எளிதில் விளக்கிவிட முடியாது.

மேலாண்மையின் முதற்படி, அச்சத்தைக் கவனிப்பாக மாற்றுவது. கவனிப்புக்கு நேரமும் எல்லையும் உண்டு, அச்சத்துக்கு இரண்டும் இல்லை. உண்டு, குடித்து, பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் சளிக்கும் தொண்டைவலிக்கும் லேசான வயிற்றுவலிக்கும் இரண்டு நாள் பொறுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, காலையிலும் மாலையிலும் மட்டும் வெப்பத்தை அளந்து எழுதிவைப்பது, அரைமணிக்கொரு முறை நெற்றியைத் தொடுவதைவிட மருத்துவருக்குப் பயனுள்ள குறிப்பையும் தருகிறது. நோய் எத்தனை நாள் நீடிக்கும் என்ற எதிர்பார்ப்பையும் திருத்த வேண்டும். பெரியவர்களிடம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து மார்க் ஈபெல் 2013-இல் கணக்கிட்டபோது, சளியோடு வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடித்தது. மக்கள் எதிர்பார்த்ததோ 7 முதல் 9 நாள் வரை. ஒன்பதாம் நாள் மருத்துவரை மாற்றி ஆன்டிபயாட்டிக் கேட்பதற்குக் காரணம் நோய் முற்றியது அன்று, நாட்காட்டி தவறியது. பொறுக்கக் கூடாதவற்றின் பட்டியல் சிறியது, அதனை மனனம் செய்துகொள்ளலாம்: மூச்சுத் திணறல், கழுத்து விறைப்போடு காய்ச்சல், வலது அடிவயிற்றில் நிலைத்துக் கூடும் வலி, விரைவலி, ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல், அளவுகடந்த தாகமும் சிறுநீரும் எடைக்குறைவும் சேர்ந்து வருதல், காரணமில்லாத இரத்தக் கன்றல்கள், உறக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலியோடு வாந்தி.

அடுத்த படியே இக்கட்டுரையின் மையம்: உடலின் கணக்கைப் பிள்ளையின் கையில் ஒப்படைப்பது. ‘இப்போ எப்படி இருக்கு?’ என்று மணிக்கொரு முறை கேட்பதற்குப் பதிலாக, மாறுதல் இருந்தால் நீயே வந்து சொல், இன்னின்ன குறி இருந்தால் நள்ளிரவானாலும் எழுப்பு என்று சொல்லிவிடுவது பிள்ளையை நோயாளியாக்காமல் செய்தியாளராக்குகிறது. 13 வயதில் வெப்பமானியைத் தானே பார்க்கவும், 15 வயதில் மருத்துவரிடம் தன் குறைகளைத் தானே சொல்லவும், 17 வயதில் தனக்கு ஒவ்வாத மருந்து எது, முன்பு வந்த நோய் எது என்று தெரிந்திருக்கவும் பிள்ளையைப் பழக்கலாம். பெண்ணுக்கு மாதவிடாய்க் குறிப்பேடும், பையனுக்கு உறுப்புகளின் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லும் பழக்கமும் இதில் அடங்கும். இதில் தந்தைக்கு உரிய வேலை ஆறுதல் சொல்வதன்று; இரண்டு நாள் பொறுக்கலாம் என்ற முடிவில் பெயர் சொல்லிப் பங்கேற்பதும், உறவினரின் தொலைபேசிக்குத் தாமே பதில் சொல்வதும்தான். அச்சம் நாளில் பல மணி நேரத்தை விழுங்கினாலோ, பிள்ளையைப் பள்ளியிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் நிறுத்தினாலோ, மருத்துவர் மாறி மருத்துவர் என்று அலைய வைத்தாலோ, மருத்துவம் தேவைப்படுவது பெற்றோருக்கு. நோயச்சத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பயனளிக்கிறது என்பதைப் பிரிட்டனில் 444 நோயாளிகளிடம் நடந்த, பீட்டர் டைரர் தலைமையிலான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும், 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் கட்டணமின்றி முதல் ஆலோசனை பெறலாம்.

எஞ்சிய பொறுப்பு மருத்துவர்களுடையது, அது சிறிதன்று. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு அனுப்பிவைப்பதைவிட, நோய் எத்தனை நாள் நீடிக்கும், எந்தக் குறி தோன்றினால் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பும் முறையை, ரோஜர் நெய்பர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1987-இல் பாதுகாப்பு வலை என்று பெயரிட்டு முன்வைத்தார். புறநோயாளி வரிசை நீண்ட நமது மருத்துவமனைகளில் அது இன்னும் வழக்கமாகவில்லை. அதைவிட அரிதாக இருப்பது, பதின்பருவ நோயாளியோடு தனியே பேசுவது. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் மையங்கள் மறைகாப்போடு கூடிய தனி ஆலோசனையை அடிப்படையாகக் கொண்டவை. பல குடும்பங்கள் செல்லும் தனியார் மருத்துவமனைகளிலோ 16 வயதுப் பிள்ளையின் வயிற்றுவலியை அம்மாவே விவரிக்கிறார், மருத்துவர் அம்மாவைப் பார்த்தே மருந்து எழுதுகிறார். தனியார் குழந்தை மருத்துவர்கள் இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். அதற்குப் புதிய கருவியோ கூடுதல் கட்டணமோ தேவையில்லை. முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பெற்றோரை 5 நிமிடம் வெளியே அமரச் சொன்னால் போதும்.